துப்பறியும் நாவல் எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி புத்தகத் திருவிழா நடக்கிற நாட்களில், என் நாவல்கள் இருக்கும் கடையில் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருப்பது என் வழக்கம். புதிதாக எழுத வந்த தம்பி தங்கைகள் முதல் நாவலைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று வந்து நிற்பார்கள். புரட்டிப் பார்த்தால், நாங்கள் எழுத வந்த காலத்தில் எங்கள் செட்டு மொத்தமும் செய்த அதே தப்புகள் வரிசை மாறாமல் இருக்கின்றன. எழுத்துப்பிழை, மங்கலான அட்டை, கூடுதல் விலை இதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை, வீட்டில் இருப்பவர்களே சொல்லிவிடுவார்கள். கொலை, துப்பறிதல், பேய் என்று எழுதுகிறவர்கள் புத்தகத்தை வாசகரிடம் கொண்டுபோகும்போது சறுக்குகிற இடங்கள் மட்டும் இங்கே.

வகையை மறைப்பது

முழுக்க முழுக்க ஒரு கொலையைச் சுற்றி நடக்கிற கதை. அட்டையில் 'சமூக நாவல்' என்று போட்டிருக்கிறது. ஏன் தம்பி என்று கேட்டால், "துப்பறியும் கதைன்னா மதிக்க மாட்டாங்கண்ணே" என்கிறார். 1939-இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய ஊர், மேடைத் தமிழுக்குப் பேர்போன ஊர் என்பதால் இங்கே இந்தக் கூச்சம் கொஞ்சம் கூடுதல். ஆனால் மர்மக் கதை தேடி வருகிறவர் 'சமூக நாவல்' என்பதைப் பார்த்ததும் அடுத்த புத்தகத்துக்குப் போய்விடுவார். சமூக நாவல் தேடி வந்தவரோ வாங்கிக்கொண்டு போய், மூன்றாம் பக்கத்தில் பிணம் விழுந்ததும் எரிச்சலாகி மூடிவைத்துவிடுவார். இரண்டு பேரும் போச்சு.

தேவகோட்டைக்காரரான தமிழ்வாணன் இப்படிக் கூச்சப்பட்டிருந்தால் அவருடைய துப்பறியும் நாயகன் சங்கர்லாலை யாருக்குத் தெரிந்திருக்கும்? தொப்பி, கறுப்புக் கண்ணாடி, 'துணிவே துணை' என்று தன்னையும் தன் கதைகளையும் வெளிச்சத்தில் நிறுத்தினார் அவர். கோட்டையூர் ரோஜா முத்தையா பழைய இலக்கியப் பதிப்புகளைச் சேர்த்த அதே அக்கறையோடு மலிவு விலை நாவல்களையும் நாடக நோட்டீசுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்துவைத்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994-இலிருந்து சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. பழைய தமிழ் வெகுஜன நாவல்களைத் தேடுகிறவர்கள் இன்றைக்கு அங்கேதான் போகிறார்கள். நம் பக்கத்து மனிதர் ஒருவர் பத்திரப்படுத்த வேண்டியது என்று நினைத்த ஒன்றை நாம் ஏன் அட்டையில் ஒளிக்க வேண்டும்? 'துப்பறியும் நாவல்' என்று பெரிதாகவே போடுங்கள்.

அணிந்துரை

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

பதிப்புரை, அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை என்று கதை தொடங்குவதற்கு முன்னால் இத்தனை வாசல் வைப்பது நம் வழக்கம். கவிதைத் தொகுப்புக்கும் கட்டுரைக்கும் அது சரி. மர்ம நாவலுக்கு எதற்கு? மேலே சொன்ன அதே கூச்சம்தான் காரணம். ஒரு பெரிய மனிதர் நாலு வார்த்தை எழுதிக் கொடுத்தால் தன் கதைக்கு மரியாதை வந்துவிடும் என்று தம்பி நினைக்கிறார். போய்க் கேட்கிற ஆள் பெரும்பாலும் தமிழ்ப் பேராசிரியராகவோ ஓய்வுபெற்ற அதிகாரியாகவோ இருப்பார். அவர் மர்ம நாவல் படிக்கிறவர் இல்லை. அவருக்குத் தெரிந்த முறைப்படி கதைச் சுருக்கம் சொல்லி, பாத்திரங்களை அலசி, நயம் பாராட்டி எழுதித் தருவார். கதைச் சுருக்கம் என்றால் முடிவும் சேர்ந்ததுதானே, அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

தேவகோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர், நல்ல எழுத்து. ரங்கூனிலிருந்து வந்த ஒரு தகரப்பெட்டி, அதைத் திறந்தவர் மறுநாள் சாகிறார், கொன்றவர் யார் என்பது கடைசிக்கு முந்தின அத்தியாயம் வரைக்கும் எனக்கே பிடிபடவில்லை. கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு, அச்சுக்குக் கொடுங்கள் தம்பி, தைரியமாகக் கொடுங்கள் என்று நான்தான் சொன்னேன். புத்தகம் வந்தது. முன்னால் மூன்று அணிந்துரை. இரண்டாவதில், ஐந்தாம் பக்கத்தில், கறுப்பு மையில் அச்சாகியிருக்கிறது: 'கொலைகாரன் வேறு யாருமல்ல, தன்னைத் தூக்கி வளர்த்த சித்தப்பாதான் என்று வள்ளி அறியும் இடத்தில் ஆசிரியர் நம் கண்களைக் குளமாக்கிவிடுகிறார்.'

ஒரு பெண்மணி கடையில் நின்று அந்தப் புத்தகத்தை எடுத்தார். எல்லாரையும் போல முன்பக்கத்திலிருந்துதான் புரட்டினார். நின்றபடியே ஒரு பக்கம் படித்தார், அடுத்த பக்கம் படித்தார், கூட வந்தவரிடம் "சித்தப்பாதானாம்டி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டுப் போனார். பக்கத்தில் நின்ற தம்பியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்புறம் அவர் பட்ட பாடு. அந்தத் தாளை மட்டும் பிளேடால் அறுத்து எடுத்துப் பார்த்தார். 16 பக்கம் சேர்ந்தது ஒரு பாரம், மடித்துத் தைத்த பாரத்தில் ஒவ்வொரு தாளுக்கும் மறுபாதியில் ஒரு ஜோடித் தாள் உண்டு, ஒன்றை அறுத்தால் அதன் ஜோடி பிடிப்பில்லாமல் கழன்று வந்துவிடும். இவர் புத்தகத்தில் முதல் அத்தியாயத்தின் தொடக்கமே கழன்று வந்தது. சரி என்று இரண்டு தாளைச் சேர்த்து ஒட்டிப் பார்த்தார். ஒட்டியிருக்கிற தாளைக் கண்டால் எவருக்குத்தான் பிரித்துப் பார்க்கத் தோன்றாது? முதல் பாரத்தை மட்டும் திரும்ப அடிக்கலாம் என்றால் அத்தனை பிரதியும் பைண்டிங் முடிந்து வந்துவிட்டது. வீட்டில் சீட்டு எடுத்த பணம் அது.

எனக்கு ஆறாத விஷயம் என்னவென்றால், அந்த நாவலுக்கு நாலு முறை புரூஃப் பார்த்திருக்கிறார்கள், அணிந்துரையை மட்டும் யாரும் பார்க்கவில்லை. பெரியவர் எழுதியது, அதில் நாம் கைவைக்கலாமா என்ற மரியாதை. மரியாதை இருக்கட்டும், முடிவைச் சொல்கிற வரியை எடுக்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். நேரில் போய், "ஐயா, இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கிறேன், கதை உடைஞ்சு போயிரும்" என்று சொன்னால் எந்தப் பெரியவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். இன்னும் நல்லது, முதல் பாதிப் பிரதியை மட்டும் கொடுத்து எழுதச் சொல்வது. எல்லாவற்றையும்விட நல்லது, வாங்காமலே இருப்பது. கட்டாயம் வேண்டும் என்றால் பின்னுரையாகக் கடைசியில் போடுங்கள்.

பின்னட்டைக் குறிப்பை நீங்களே எழுதுங்கள். யாருக்கு என்ன ஆபத்து, என்ன கேள்விக்கு விடை தெரிய வேண்டும், அவ்வளவு போதும். கதையின் முதல் 30 பக்கத்துக்கு அப்பால் நடக்கிற எதையும் அதில் சொல்ல வேண்டாம்.

வெளியீட்டு விழா

அணிந்துரையில் நடந்ததே இங்கே மைக்கில் நடக்கும். பேச்சாளர்களைக் குறைத்துவிட்டு, குரல் நன்றாக இருக்கிற ஒருவரை முதல் அத்தியாயத்தை வாசிக்கச் சொல்லுங்கள். பிணத்தைக் கண்டெடுக்கிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். மிச்சத்தைத் தெரிந்துகொள்ள ஆள் வாங்கத்தான் வேண்டும்.

மணிவிழா வீட்டில் தாம்பூலப் பையோடு நாவல் கொடுப்பது

தேவாரத் திரட்டு கொடுக்கலாம். கொலைக் கதை வேண்டாம்.

தன் வகையைப் படிக்காமல் எழுதுவது

பிடித்த மர்ம நாவல் எது என்று கேட்டால் நிறையப் பேர் சினிமாப் பெயரைச் சொல்கிறார்கள். நான் ஒரு நல்ல துப்பறியும் கதையை இரண்டு தடவை படிப்பேன். முதல் தடவை சும்மா, கதைக்காக. கொலையாளி தெரிந்த பிறகு இரண்டாவது தடவை பென்சிலோடு உட்கார்ந்து, ஆசிரியர் துப்பை எங்கே போட்டார், அதை நான் பார்க்காமல் இருக்க அதே பத்தியில் என்ன வேடிக்கை காட்டினார் என்று கோடு போட்டுக்கொண்டே போவேன். எழுதக் கற்றுக்கொண்டதில் பாதி இந்தக் கோடுகளிலிருந்து வந்தது. யாருக்கு எந்தப் புத்தகத்தைக் கொடுக்கலாம் என்பதும் இதில்தான் தெரியும். நமக்கே பிடிக்காத வகையை வாசகரிடம் விற்க முடியாது.

படிக்காததன் விளைவுதான் இந்தச் செட்டிநாட்டுப் பங்களாக் கதைகள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, பர்மாத் தேக்குத் தூண், பூட்டிய அறை, நடுராத்திரியில் கொலுசுச் சத்தம். சென்னை வாசகர் ஒருவேளை விட்டுவிடுவார், பள்ளத்தூர் ஆச்சி விட மாட்டார். ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள், வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், ஓர் அறை, ஓரோர் அறைக்கும் தனிப் பூட்டு, சாவி ஒன்று பெங்களூரில், ஒன்று சிங்கப்பூரில். பேய் இல்லாமலே இதில் எத்தனை கதை இருக்கிறது! காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் முன்னால் ஒரு மத்தியானம் நின்று, இடித்த வீடுகளின் தூண்களையும் இனாமல் கேரியர்களையும் பாருங்கள். ஏதோ ஒரு மூடியின் அடியில் இன்னமும் யாரோ ஒருவரின் பெயரெழுத்து வெட்டியிருக்கும். கொலைக்கான காரணம் அங்கே கிடைக்கும்.

அரசு நூலகங்களுக்கு வாங்குகிற நூலக ஆணையை நம்பி ஆயிரம் பிரதி அடிப்பது

வேண்டவே வேண்டாம்.

கிண்டில்

சந்தா கட்டி மின்நூல் படிக்கிற கிண்டில் அன்லிமிடெட்டில் நாவலைச் சேர்த்துவிட்டு, அதையே இன்னொரு செயலியில் தொடராகவும் போடுகிறார்கள். அதற்காக எழுத்தாளர் சேர வேண்டிய அமேசான் திட்டமான கேடிபி செலக்ட்டில் சேர்ந்தால் ஒவ்வொரு 90 நாள் தவணையிலும் மின்வடிவம் வேறு எங்கும் இருக்கக் கூடாது என்பது விதி. அச்சுப் புத்தகத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதே தவணையில் 5 நாள் வரை இலவசமாகக் கொடுக்க இடம் உண்டு. இருப்பதே ஒரு நாவல் என்றால் இலவசத்தால் பெரிதாகப் பலன் இல்லை, தொடர் நாயகனை வைத்து இரண்டாவது நாவல் வெளிவருகிற நாளில் முதல் நாவலை இலவசமாக்குங்கள்.

"எப்படி இருந்துச்சு?" என்று வாசகரைத் துரத்துவது

நல்லா இருந்துச்சு என்பார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? "எந்த இடத்துல கண்டுபிடிச்சீங்க?" என்று கேளுங்கள். பேச்சு அப்படியே மாறிவிடும். எங்கள் தெருவில் ஓர் ஆச்சி மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் படிக்க உட்கார்ந்தால் காப்பி நேரம் வரை எழுந்திருக்க மாட்டார். என் போன நாவலைப் பற்றிக் கேட்டதற்கு, "ஒன்பதாம் அத்தியாயத்திலேயே தெரிஞ்சுபோச்சுப்பா, சம்பந்தமில்லாம அந்த டிரைவர் பீரோச் சாவியைப் பத்திக் கேட்டானே" என்றார். அந்தப் பதிலை அத்தியாய எண்ணோடு ஒரு நோட்டில் குறித்துவைத்திருக்கிறேன். நாலைந்து பேர் ஒரே அத்தியாயத்தைச் சொன்னால் அடுத்த பதிப்பில் அந்தச் சாவி வேறொருவர் வாயில்தான் வரும்.