கார் இல்லாம குடும்பத்தோட நீலகிரி: ரயில்லயும் பஸ்லயுமே மூணு நாள் பிளான் போடுறது எப்படி

ஊட்டி பக்கம் போகணும்னாலே கார் எடுத்தாகணும்னு நம்ம வீட்ல ஒரு நெனப்பு. ஆனா 2024 மே மாசத்துல இருந்து ஹைகோர்ட் உத்தரவுப்படி வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் எடுக்கணும், சீசன்ல மலைப்பாதைல ஊர்ந்து ஊர்ந்து போகணும், மேல போனா பார்க்கிங் தேடியே பொழுது போயிரும். கவர்மென்ட் பஸ்ல போறவங்களுக்கு இ-பாஸ் தொல்லையே இல்ல. முதல் தடவை பிளான் போடுறவங்களுக்காக சென்னைல இருந்து கிளம்புற மாதிரி சொல்றேன், மத்த ஊர்க்காரங்க கோயம்புத்தூர்லயோ மேட்டுப்பாளையத்துலயோ வந்து சேர்ந்துக்கலாம்.

ஸ்டெப் 1: எந்த மாசம்

மே மாசம் வேணாம். மலர் கண்காட்சி நடக்கும் சரி, ஆனா பூவை விட தலைதான் அதிகமா தெரியும். அக்டோபர், நவம்பர்ல வடகிழக்கு மழை, மண் சரிஞ்சு மலை ரயிலை அப்பப்ப நிறுத்திடுவாங்க. பிப்ரவரி, மார்ச் நல்லா இருக்கும், ஸ்கூல் லீவு இல்லாததால கூட்டமும் கம்மி. சின்னப் பசங்க இருக்கற வீட்டுக்கு நான் இதத்தான் சொல்வேன்.

ஸ்டெப் 2: டிக்கெட், இங்கதான் முக்கால்வாசி வேலை

போறதுக்கு ரெண்டு டிக்கெட் வேணும் (திரும்பற ராத்திரி ரயிலுக்கு தனியா போடணும்). ஒண்ணு சென்னை சென்ட்ரல்ல ராத்திரி கிளம்பி காலைல மேட்டுப்பாளையம் போற நீலகிரி எக்ஸ்பிரஸ். இன்னொண்ணு அங்கருந்து காலைல 7.10க்கு கிளம்பி குன்னூர் வழியா ஊட்டி போற மலை ரயில். முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடி காலைல 8 மணிக்கு ஓபன் ஆகும். கவனமா பாருங்க, நீங்க வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் ஏறுறீங்க, மலை ரயில் சனிக்கிழமை, அப்போ எக்ஸ்பிரஸ் புக்கிங் ஒரு நாள் முன்னாடியே ஓபன் ஆயிடும், மலை ரயில் அதுக்கு அடுத்த நாள்தான். ரெண்டையும் ஒரே நாள்ல போடலாம்னு இருந்தா கண்டிப்பா ஒண்ணு கை நழுவிடும், அதனால போன்ல ரெண்டு நாளைக்கும் அலாரம் வச்சிருங்க. ஐஆர்சிடிசில ஸ்டேஷன் கோடு மேட்டுப்பாளையம் எம்டிபி, குன்னூர் ஓஎன்ஆர், ஊட்டி யுஏஎம். பேர், வயசெல்லாம் மாஸ்டர் லிஸ்ட்ல முன்கூட்டியே ஏத்தி வச்சிட்டா 8 மணிக்கு டைப் பண்ணிட்டு உக்காந்திருக்க வேணாம். அஞ்சு வயசுக்கு கீழ உள்ள குழந்தைக்கு தனி சீட் வேணாம்னா டிக்கெட் தேவையில்ல.

மலை ரயில்ல வெயிட்டிங் லிஸ்ட் வந்தா அத நம்பி இருக்காதீங்க, பெட்டியே கொஞ்சம்தான், சீட்டும் கொஞ்சம்தான். கிடைக்கலன்னா ட்ரிப்பை கேன்சல் பண்ணிடாதீங்க. மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் பக்கத்துலயே பஸ் ஸ்டாண்ட், குன்னூர் பஸ் வந்துட்டே இருக்கும். ரயில் ஆசைய குன்னூர் - ஊட்டி டீசல் ரயில்ல தீர்த்துக்கலாம், அது ஒரு நாளைக்கு பல தடவை ஓடுது.

ஸ்டெப் 3: ரூம் குன்னூர்ல போடுங்க

எல்லாரும் ஊட்டிலதான் போடுவாங்க. எனக்கு குன்னூர்தான் சரின்னு படுது, ஏன்னா ஊட்டி ஒரு பக்கம், கோத்தகிரி ஒரு பக்கம், ரெண்டுக்கும் இங்கருந்து பஸ் இருக்கு, குளிரும் ஊட்டி அளவுக்கு ஆளைக் கொல்லாது. ஆனா ஊரே மேடும் பள்ளமும்தான், பஸ் ஸ்டாண்டும் ரயில்வே ஸ்டேஷனும் கீழ, சிம்ஸ் பார்க் மேல. முட்டி வலி உள்ள பெரியவங்க வந்தா புக் பண்றதுக்கு முன்னாடி ஹோட்டலுக்கு போன் பண்ணி "ரோட்டுல இருந்து எத்தனை படி ஏறணும்?"னு வாய் விட்டு கேட்டுடுங்க, போட்டோல படி தெரியாது.

ஸ்டெப் 4: மூட்டை

ஆளுக்கு ஒரு பேக், அவ்வளவுதான். மலை ரயில் பெட்டி சின்னது, பெரிய சூட்கேஸ் வச்சா கால் வைக்க இடமில்ல. தண்ணிக்கு ஸ்டீல் பாட்டில், ஏன்னா நீலகிரி மாவட்டத்துல பிளாஸ்டிக் பாட்டிலுக்கு தடை. ஸ்வெட்டர், குடை, வாந்தி வர்றவங்களுக்கு எலுமிச்சம்பழம், பஸ்ஸுக்கு சில்லறை.

ஸ்டெப் 5: நாள் கணக்கு

முதல் நாள் மேட்டுப்பாளையத்துல இறங்கினதும் எல்லாரையும் பாத்ரூம் அனுப்பிட்டு ஏறுங்க, மலை ரயில் உள்ள டாய்லெட் கிடையாது. கல்லார் தாண்டினதும் தண்டவாளத்துக்கு நடுவுல பல் வச்ச இன்னொரு தண்டவாளம் ஆரம்பிக்கும், இன்ஜின் அடியில இருக்கற பல் சக்கரம் அதக் கவ்விப் பிடிச்சுத்தான் ஏறும், இன்ஜினும் பின்னாடி இருந்து பெட்டியத் தள்ளிட்டு வரும். சில இடத்துல 12 அடி போனா ஒரு அடி ஏத்தம். குன்னூர் வரைக்கும் 1899லயே போட்டுட்டாங்க, ஊட்டிக்கு 1908ல தான் போச்சு, 2005ல யுனெஸ்கோ லிஸ்ட்ல சேர்த்தாங்க. ஹில்குரோவ்ல இன்ஜின் தண்ணி குடிக்க நிக்கும்போது நீங்களும் இறங்கி காலை நீட்டிக்கலாம், ஆனா கைல தின்பண்டம் இருந்தா குரங்கு விடாது. அசல் மலைப்பாதை குன்னூரோட முடிஞ்சிருது, அங்கயே இறங்கிடலாம். மதியம் தூக்கம், சாயங்காலம் சிம்ஸ் பார்க். அன்னைக்கு வேற எதுவும் வேணாம், பசங்க தாங்காது.

ரெண்டாவது நாள் ஊட்டி. போகும்போது ரயில், திரும்பும்போது பஸ். ஸ்டேஷனும் பஸ் ஸ்டாண்டும் பக்கம் பக்கம். 1848ல ஆரம்பிச்ச தாவரவியல் பூங்காவுக்கு ஆட்டோ பிடிங்க, ஏறும் முன்னாடியே ரேட் பேசிடுங்க. தொட்டபெட்டா சிகரத்துக்குப் போகணும்னா கோத்தகிரி பஸ்ல ஏறி தொட்டபெட்டா ஜங்ஷன்ல இறங்கலாம், ஆனா அங்கருந்து மேல ஏத்தம், பசங்களோட நடக்க முடியாது, நான்னா அத விட்டுட்டு வர்க்கி வாங்கப் போயிடுவேன். காலைல ஊட்டில இறங்கினதுமே குன்னூருக்கு கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு பஸ் ஸ்டாண்ட்ல கேட்டு வச்சுக்கோங்க.

மூணாவது நாள் காலைல ரூமைக் காலி பண்ணிட்டு பேக்கோட கோத்தகிரி. அங்கருந்து கோடநாடு வியூ பாயிண்ட் போய் கீழ மாயாறு பள்ளத்தாக்கப் பாத்துட்டு வரலாம், பஸ் கம்மிங்கறதால திரும்பற டைம் கேட்டுட்டே ஏறுங்க. மதியம் சாப்பிட்டு அப்படியே கோத்தகிரி ரோடு வழியா மேட்டுப்பாளையம் இறங்குங்க, வந்த பாதைலயே திரும்பாம புதுப் பாதை பாத்த மாதிரியும் ஆச்சு. வளைவு ஜாஸ்தி, பின் சீட்டு வேணாம், சாப்பாடும் அளவா போதும். ரயில் ராத்திரிதான்னாலும் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள கீழ வந்துடுற மாதிரி வச்சுக்கோங்க, வழில ஒரு லாரி நின்னுட்டாகூட ஒரு மணி நேரம் போயிரும். சீக்கிரம் வந்துட்டா பஸ் ஸ்டாண்ட் பக்கமே டிபன முடிச்சுட்டு ஸ்டேஷனுக்கு நடந்துடலாம்.