கொடுத்தனுப்பிய உல்லனில் வாடைக்குப் போர்த்த ஒரு பல வண்ணப் போர்வை

ராமநாதபுரம் கடற்கரையில் தை மாதத்து விடியலில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். முழுக்கை ஸ்வெட்டர் பின்னினால் அது பீரோவைவிட்டு வெளியே வராது. ஆனால் மழை ஓய்ந்ததும் வீசுகிற வாடை பாம்பனிலும் தேவிபட்டினத்திலும் கைக்குழந்தைக்கும் திண்ணையில் உட்காரும் பெரியவர்களுக்கும் உறைக்கும். அதற்கு ஒரு மெல்லிய போர்வை போதும். பட்டாளத்து அண்ணன் லூதியானாவிலிருந்தோ, சித்தி லண்டனிலிருந்தோ கொடுத்தனுப்பும் நூல் ஒரே மாதிரி இருக்காது. மூன்று கண்டு சிவப்பு, ஒன்றரைக் கண்டு மஞ்சள், லேபிள் கிழிந்த நீலம் என்று கலந்து கட்டித்தான் வரும். இந்த மாதிரி நூலுக்குப் பொருத்தம், ஒரு மூலையில் தொடங்கி எதிர் மூலையில் முடியும் சதுரம். எவ்வளவு நூலோ அவ்வளவு பெரிய போர்வை. பாதியில் நூல் தீர்ந்து அந்தரத்தில் நிற்க வேண்டியதில்லை.

முதலில் எது கம்பளி, எது அக்ரிலிக் என்ற செயற்கை இழை என்று பிரிக்க வேண்டும். லேபிள் இல்லாததில் விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். கம்பளி முடி பொசுங்கும் நாற்றத்தோடு கருகிப் பொடியாகும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். பருத்தியில் காகிதம் எரியும் வாசனை வரும். ஒரு போர்வைக்குள் இரண்டையும் கலப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நனைத்தால் கம்பளி ஒரு விதமாகவும் அக்ரிலிக் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். இரண்டு துவைப்பில் கோடுகள் சுருங்கி அலையடிக்கும்.

அடுத்தது தடிமன். ஒரு பென்சிலில் ஒரு அங்குல நீளத்துக்கு நூலை இழுக்காமல், இடைவெளி விடாமல் சுற்றி எண்ணுங்கள். 12 சுற்றுக்குப் பக்கமாக வந்தால் லேபிள்களில் டிகே என்று போட்டிருக்கும் நடுத்தர நூல். அதைவிட மெல்லிய 4 பிளை நூலை இரண்டு இழையாகச் சேர்த்துப் பிடித்தால் ஏறக்குறைய இதே தடிமன் கிடைக்கும். ரொம்பத் தடித்ததைத் தனியே ஒதுக்கிவிடுங்கள், ஒரு குல்லாவுக்கு ஆகும்.

வெளிநாட்டு நூல் சில சமயம் முறுக்கிய சிட்டமாக வரும். அதிலிருந்து நேராகப் பின்ன ஆரம்பித்தால் பத்தாவது நிமிடத்தில் சிக்கு. இரண்டு நாற்காலி முதுகில் மாட்டி, கட்டுகளை அவிழ்த்து, உருண்டையாகச் சுற்றிக்கொள்ளுங்கள். இறுக்கிச் சுற்றாதீர்கள். இழுபட்ட கம்பளி துவைத்ததும் பழைய நீளத்துக்குத் திரும்பி, போர்வையைச் சுருக்கும்.

சிவப்பு, கருநீலம் இரண்டும் சாயம் விடுமா என்று பார்க்காமல் வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். நூல் நுனியை நனைத்து வெள்ளைக் கைக்குட்டையில் பத்து நிமிடம் அழுத்தி வைத்தால் தெரிந்துவிடும். நிற வரிசைக்கு ஒரு சுருக்கு வழி: கண்டுகளை அடுக்கி, போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். படத்தில் ஒரே சாம்பலாகத் தெரிகிற இரண்டு நிறங்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் கோடு எடுபடாது.

75 செ.மீ. சதுரத்துக்கு டிகே நூல் 250 முதல் 300 கிராம் பிடிக்கும். எல்லாக் கண்டையும் ஒரே நாளில் எடை போடுங்கள். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை, தொட்டால் தெரியாமலே, உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மழை நாளில் போட்ட எடையையும் வெயில் நாளில் போட்டதையும் கூட்டினால் கணக்கு தப்பும். பிறகு ஒவ்வொரு நிறத்தையும் எடையில் சரிபாதியாக இரண்டு உருண்டையாக்குங்கள். ஒன்று கண்ணி கூடிக்கொண்டே ஏறும் பாதிக்கு, மற்றது குறைந்துகொண்டே இறங்கும் பாதிக்கு. சின்ன உருண்டைகள் மூலைக்கு, பெரியவை நடுவுக்கு. நடுவில் வரி நீளம் என்பதால் நூலை விழுங்கும்.

ஊசி 5 மி.மீ. போதும். லேபிளில் 4 மி.மீ. என்றுதான் இருக்கும். ஆனால் நம் ஊருக்குக் காற்றோட்டமான, தளர்ந்த பின்னல் வேண்டும். கடையில் பழைய எண்ணில் கேட்டால் 4 மி.மீ. 8-ம் நம்பர், 5 மி.மீ. 6-ம் நம்பர். எண் கூடினால் ஊசி மெலியும். 80 செ.மீ. வட்ட ஊசியாகவே வாங்குங்கள், நடுவில் 190 கண்ணி வரை நேர் ஊசி தாங்காது. உப்புக் காற்றில் இரும்பு ஊசி துருப்பிடித்து நூலில் கறையேற்றும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லது. கை வியர்த்தால் மூங்கிலில் நூல் நகராது.

இனிப் பின்னல். 4 கண்ணி ஏற்றி, ஒரு வரி முழுக்க நிட் (நேர்ப் பின்னல்) போடுங்கள். இரண்டாம் வரியிலிருந்து ஒவ்வொரு வரியும் இதுதான்: 2 நிட், நூலை முன்னால் கொண்டுவந்து ஊசிமேல் போட்டு ஒரு புதுக் கண்ணி, மீதி முழுக்க நிட். பர்ல் (மறுபக்கப் பின்னல்) கிடையாது. வரிக்கு ஒரு கண்ணி ஏறும். 10-வது வரி முடிவில் 13 கண்ணி இருக்க வேண்டும், 40-வதில் 43. குறைந்தால் எங்கோ நூல் போட மறந்திருக்கிறீர்கள். ஓரத்தில் வரிசையாக வரும் சின்ன ஓட்டைகளில் ஒன்று காணாமல் போன இடமே அது. உடனே பார்த்தால் அவிழ்க்க வேண்டாம். இரண்டாம், மூன்றாம் கண்ணிக்கு இடையில் ஓடும் குறுக்கு நூலை ஊசியால் தூக்கிப் பின்னிவிடலாம்.

ஒரு நிறத்தில் இரட்டைப்படை எண்ணிக்கையில் வரிகள் முடித்த பிறகு, எப்போதும் ஒரே பக்கத்தில் அடுத்த நிறத்துக்கு மாற்றுங்கள். மாற்றுமிடத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிகிற கலப்பு பின்பக்கத்தில் மட்டும் விழும், முன்பக்கக் கோடு சுத்தமாக இருக்கும். பக்கம் தவறினால் இரண்டு முகத்திலும் கோடு உடையும். ஊசியில் இருக்கும் அகலத்தைப் போல நான்கு மடங்கு நூல் ஒரு வரிக்குக் கணக்கு. எட்டு மடங்கு மிச்சமில்லை என்றால் அடுத்த இரண்டு வரியை அந்த நிறத்தில் தொடங்காதீர்கள். 15 செ.மீ. வால் விட்டு வெட்டுங்கள். முடிச்சு வேண்டாம், துவைக்கும்போது முடிச்சு முன்பக்கம் தலைகாட்டும்.

மீன் வலையில் கண்ணிக்குக் கண்ணி முடிச்சு உண்டு. இதில் இல்லை. ஒரு கண்ணி நழுவினால் ஏணிபோல் கீழே இறங்கிக்கொண்டே போகும். அதனால் இருபது வரிக்கு ஒருமுறை, ஊசியிலுள்ள எல்லாக் கண்ணி வழியாகவும் ஒரு தங்கூசி நரம்பை (மீன்பிடி நைலான் இழையை) கோத்து விடுங்கள். தப்பு நேர்ந்தால் அந்த வரிவரை தைரியமாக அவிழ்க்கலாம்.

முதல் பாதி உருண்டைகள் தீர்ந்ததும் இறக்கம்: 1 நிட், 2 கண்ணி ஒன்றாக, நூல் போடு, மறுபடி 2 ஒன்றாக, மீதி நிட். இரண்டு குறைந்து ஒன்று கூடுவதால் வரிக்கு ஒன்று இறங்கும், ஓட்டை வரிசையும் தொடரும். நிறங்கள் தலைகீழ் வரிசையில். 4 கண்ணி வந்ததும் தளர்வாக முடியுங்கள். வால்களைப் பின்பக்கம் ஒரு திசையில் 5 செ.மீ., திரும்பி 3 செ.மீ. செருகுங்கள். அக்ரிலிக் வழுக்கும், அதற்கு இன்னும் கொஞ்சம் நீளம்.

துவைக்க உப்புக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது. சோப்பு நுரைக்காமல் திரைந்து இழையில் ஒட்டிக்கொள்ளும். குழாயில் வரும் காவிரித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஒரு வாளி, சூடில்லாமல், துளி ஷாம்பு. கம்பளியைக் கசக்கினால் திக்காகிச் சுருங்கும், இருபது நிமிடம் சும்மா ஊறட்டும். பிழியாமல் துண்டில் சுருட்டி மிதித்து ஈரம் எடுத்து, நிழலில் பாய்மேல் சதுரமாகப் பரப்புங்கள். கொடியில் போட்டால் ஈர எடையில் நீண்டு தொங்கும், வாடை கொண்டுவரும் மணலும் இழைக்குள் புகும். அக்ரிலிக்கில் இஸ்திரிப்பெட்டி பட்டால் துவண்டு பளபளப்பாகிவிடும், திரும்ப வராது.

கம்பளியைத்தான் பூச்சி தின்னும், அதிலும் வியர்வை, பால் கறை பட்ட இடத்தை முதலில். பங்குனி வெயில் தொடங்கியதும் துவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் காற்றுப் புகாத டப்பாவில், மாத்திரை டப்பாவிலிருந்து எடுத்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஏற்கெனவே பூச்சி இருக்குமோ என்று சந்தேகமானால், பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் மூன்று நாள் வைத்துவிட்டுப் பிறகு டப்பாவில் போடலாம்.