கீழாநெல்லிக்கும் ஈரலுக்கும் நடுவே குடல் இருக்கிறது

மதுரையில் மஞ்சள்காமாலை என்று யாராவது வாயெடுத்தால் அடுத்த வார்த்தை கீழாநெல்லிதான். சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் அம்மா ஒரு கிளையைத் திருப்பி, இலைகளுக்கு அடியில் கடுகு மாதிரி வரிசையாகத் தொங்கும் காய்களைக் காட்டுவார். "கீழ காய் இருக்கா, அதப் பாத்துதான் வாங்கணும்." சரியான பேச்சு. ஆனால் அதே மாதிரி கீழே காய்க்கும் செடிகள் பல உண்டு, ஒரே கட்டில் கலந்தும் வரும். அவற்றின் சத்து ஒன்றல்ல.

காமாலை இறங்கியதும் பெருமை முழுவதையும் இலைக்கே கொடுப்பது அடுத்த தவறு. காமாலையைக் கொண்டுவரும் ஈரல் கிருமிகளில் ஹெபடைட்டிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். ஹெபடைட்டிஸ் பி சிலருக்கு உடலிலேயே தங்கிவிடும். 1988-இல் சென்னை ஆய்வு ஒன்று லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் பி கிருமியின் அடையாளம் மறைந்தது என்றார்கள். பிற்பாடு மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இந்தப் பின்பாதியை யாரும் சொல்வதில்லை.

இலைக்கும் ஈரலுக்கும் நேர்வழி இருப்பதாக நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். ஈரலுக்குப் போகும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடல் பக்கமிருந்து வருவது. குடலில் இருக்கும் பாக்டீரியாக்களோ வருவதையெல்லாம் உடைத்து, மாற்றி அனுப்புகின்றன. நெல்லிக்காயின் துவர்ப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள சில பொருட்களைப் பாக்டீரியாக்கள் படிப்படியாக உடைத்து யூரோலித்தின் என்ற வேறு பொருளாக ஆக்குகின்றன. ஆராய்ச்சியாளர்கள் ஆர்வமாகப் பார்ப்பது இந்த யூரோலித்தினைத்தான். அதைச் செய்யும் பாக்டீரியா எல்லார் குடலிலும் இல்லை. ஒரே மரத்து நெல்லியைத் தின்ற அண்ணனுக்குக் கிடைப்பது தம்பிக்குக் கிடைக்காமல் போகலாம்.

அப்புறம், சான்றாகக் காட்டும் எலி ஆய்வுகளின் கணக்கு. ஆய்வுக்கூட எலிகள் ஒரே தீவனம் தின்பவை, ஒன்றின் புழுக்கையை மற்றொன்று தின்பவை. அதனால் ஒரே கூண்டு எலிகளின் குடல் பாக்டீரியாவும் ஒன்றுபோல இருக்கும். நம் வீடுகளில் அப்படியா? அளவையும் பாருங்கள். சுண்டெலிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் குர்குமின் (மஞ்சளில் உள்ள சத்து) கொடுத்தால், உடற்பரப்பை வைத்து மாற்றும் வழக்கமான கணக்கில் 60 கிலோ மனிதருக்கு அது சுமார் 490 மில்லிகிராம். மஞ்சள்தூளில் குர்குமின் 3 சதவீதம் என்று வைத்தாலும் தினம் 16 கிராம் தூள் வேண்டும். குழம்புக்குப் போடும் சிட்டிகை எங்கே, இது எங்கே!

அதற்காகத்தான் மாத்திரை என்பார்கள். திருமங்கலத்தில் எங்கள் சித்தப்பா ஸ்கேனில் கொழுப்பு ஈரல் என்று வந்ததும் மஞ்சளும் மிளகுச் சத்தும் சேர்ந்த மாத்திரையை இரண்டு மாதம் போட்டார். ஒருநாள் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனது. டாக்டரிடம் மாத்திரையைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை, "அது மருந்தா என்ன" என்று. மிளகின் பைபரின் குர்குமினைப் பல மடங்கு ரத்தத்தில் ஏற்றும். இப்படிப்பட்ட மாத்திரைகளால் ஈரல் பாதித்தவர்கள் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பதிவாகியிருக்கிறார்கள். கொரோனா காலத்தில் சீந்தில் குடித்து ஈரல் கெட்டவர்கள் நம் நாட்டிலேயே உண்டு. குப்பியோடு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று, வீட்டார் செய்வது. ஈரல் சுருங்கியவருக்குப் பெரியாஸ்பத்திரியில் லாக்டுலோஸ் சிரப் கொடுத்தால், "பேதியாகிறது" என்று இரண்டாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சிரப்பைக் குடல் பாக்டீரியாக்கள் புளிக்க வைப்பதால்தான், கெட்ட ஈரலால் அகற்ற முடியாமல் மூளையைக் குழப்பும் அம்மோனியா மலத்தோடு வெளியேறுகிறது, மூளை தெளிவாக இருக்கிறது. தினம் இரண்டு மூன்று முறை இளகிப் போவதுதான் வேண்டிய அளவு. அதற்கு மேல் நீராகப் போனால் அளவைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.