எக்செல் நடுவில் நின்றுபோனால்

ஆனித் தேரோட்டச் சமயத்தில் நெல்லை ரதவீதிக் கடைகளில் கணக்கு ஏற்றுகிறவர்களுக்கு இது உதவும். எக்செல் வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் மீட்புப் பிரதி எடுக்கும். அதற்குள் எத்தனை பில் போயிருக்கும்! ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போய் அந்த 10-ஐ 2 ஆக்குங்கள். லிப்ரே ஆபிஸ் கால்க் வைத்திருப்பவர்கள் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல் என்று போகலாம். அங்கேயே பேக்கப் காப்பிக்கும் ஒரு டிக் போட்டுவிடுங்கள், முந்தைய சேமிப்பு தனியாகக் கிடக்கும். இதெல்லாம் இருந்தாலும் கன்ட்ரோல் எஸ் அழுத்தக் காசா கேட்கிறார்கள்?

சரி, எக்செல் நின்றேவிட்டது. திரும்பத் திறந்ததும் இடப்பக்கம் மீட்ட கோப்புகளைக் காட்டும். நேரத்தைப் பார்த்துக் கடைசியானதைத் திறந்து, வேறு பெயரில் சேமியுங்கள். சரிபார்க்கும்வரை பழைய கோப்பைத் தொடாதீர்கள்.