பழைய மோட்டார் சைக்கிளில் டீசல் எஞ்சினைப் பொருத்தும் முறை

டீசலில் ஓடும் மோட்டார் சைக்கிள் புதிய கற்பனை அன்று. 1990களில் என்ஃபீல்டு நிறுவனமே 325 சிசி கொள்ளளவும் 6.5 குதிரைத் திறனும் உடைய டீசல் எஞ்சினைப் புல்லட்டின் உடலில் வைத்து ‘டாரஸ்’ என்ற பெயரில் விற்றது. அதே வேலையை வீட்டுப் பட்டறையில் செய்ய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சினை எப்படி உள்ளே நுழைப்பது என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். டீசல் எஞ்சினின் சுழற்சி வேகத்துக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்பதிலிருந்து தொடங்குவதே சரி. வண்டியின் தேர்வு, பற்சக்கரக் கணக்கு, ஆக்சிலரேட்டர் அமைப்பு ஆகிய மூன்றையும் அந்த வரம்புதான் முடிவு செய்கிறது.

எஞ்சினும் கியர்பாக்ஸும் தனித்தனிப் பெட்டிகளாக உள்ள வண்டியைத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் ஒரே வார்ப்பில் இருக்கும் வண்டியில் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றினால் கியர்பாக்ஸும் சேர்ந்து போய்விடும். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் இந்த வேலைக்குத் தொடர்ந்து விரும்பப்படுவதற்கு இதுவே முதற் காரணம். பம்ப் செட், ஜெனரேட்டர் போன்றவற்றில் பயன்படும், காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின் இதற்குப் பொருந்தும். 400 சிசியை ஒட்டிய, நிமிடத்துக்கு 3600 சுற்றில் ஏறத்தாழ 10 குதிரைத் திறன் தரும், 50 கிலோ அளவிலான எஞ்சின் போதுமானது. வாங்கும்போது, சுழற்சியை வெளியே தரும் வெளித்தண்டு, பிஸ்டன் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்டிலிருந்து நேராக வருகிறதா என்று பாருங்கள். சில எஞ்சின்களில் அது வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டிலிருந்து பாதி வேகத்தில் வரும். அது இந்த வேலைக்கு ஆகாது.

சுழலும் திசையையும் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். செயின் திசையை மாற்றாது என்பதால், வண்டியின் இடப்பக்கத்தில் நின்று பார்க்கும்போது எஞ்சின் தண்டு கடிகாரமுள்ளுக்கு எதிராகச் சுற்ற வேண்டும். இவ்வகை எஞ்சின்களில் பெரும்பாலானவை வெளித்தண்டுப் பக்கமிருந்து பார்த்தால் அப்படித்தான் சுற்றுகின்றன. ஆகவே தண்டு இடப்பக்கம் வருமாறு வைத்தால், புல்லட்டின் இடப்பக்கக் கிளட்சுக்கு அது இயல்பாகவே பொருந்திவிடும்.

இனி பற்சக்கரக் கணக்கு. 19 அங்குலச் சக்கரம் ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 2 மீட்டர் நகரும். மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு 1333 மீட்டர், அதாவது சக்கரத்துக்கு ஏறத்தாழ 667 சுற்று. எஞ்சினில் 25 பல், கிளட்சில் 56 பல், கியர்பாக்ஸ் வெளிச்சக்கரத்தில் 17 பல், பின்சக்கரத்தில் 38 பல் என்று இருந்து, உச்ச கியர் நேரடியாக இயங்கினால், மொத்த விகிதம் 5 ஆகும்; அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற எஞ்சின் 5 முறை சுற்றும். அப்போது 80 கிலோமீட்டரில் எஞ்சின் ஏறத்தாழ 3330 சுற்றில் ஓடும். உச்ச வரம்பான 3600இல் வண்டி 86 கிலோமீட்டரைத் தொடும். இதே எஞ்சினை, மொத்த விகிதம் 9 என்று அமைந்த, அதிவேகச் சுழற்சிக்கான சிறிய வண்டியில் வைத்தால், உச்ச கியரிலும் 50 கிலோமீட்டரைத் தாண்டாது. எதையும் வெட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தவர்கள் பின்னால் வருந்துவதில்லை.

புல்லட்டின் சட்டத்தில் எஞ்சினுக்குக் கீழே குழாய் கிடையாது. எஞ்சினே சட்டத்தின் ஓர் உறுப்பாக நின்று முன்குழாயையும் பின்பகுதியையும் இணைக்கிறது. எனவே நீங்கள் செய்யும் தாங்கு தகடுகள் எஞ்சினைச் சுமப்பதோடு வண்டியின் முதுகெலும்பாகவும் இருக்க வேண்டும். முதலில் தடித்த அட்டையில் வெட்டிப் பாருங்கள். எஞ்சினை மரக்கட்டைகள் மேல் சட்டத்துக்குள் நிறுத்தி, எஞ்சினிலும் கிளட்சிலும் உள்ள இரு ஸ்பிராக்கெட்டுகளின் (செயின் ஓடும் பற்சக்கரங்களின்) முகத்திலும் நேரான இரும்புப் பட்டையை ஒட்டிவைத்து, வெளிச்சம் நுழையாத நிலை வரும்வரை நகர்த்திய பிறகே அட்டையில் துளைகளைக் குறியுங்கள். அந்த அட்டையை வைத்து 8 அல்லது 10 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை வெட்டலாம். செயினை இறுக்குவதற்காக எஞ்சின் துளைகள் நீள்வட்டமாக இருக்க வேண்டும். அதிர்வைக் குறைக்க ரப்பர் வைக்கும் ஆசை எழும், வைக்காதீர்கள். ரப்பர் நெகிழும்போது இரு தண்டுகளுக்கிடையிலான தூரம் மாறி, செயின் சீக்கிரம் கெட்டுவிடும். வலப்பக்கம் ஃப்ளைவீல் விசிறி காற்றை இழுக்கும் வாயை எதுவும் மறைக்கக் கூடாது.

பெட்ரோல் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்குப் புரியாத இடம், எஞ்சினின் வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் கவர்னர். பெட்ரோலில் ஆக்சிலரேட்டர் காற்று வழியைத் திறக்கிறது. இங்கே கைப்பிடி ஒரு ஸ்பிரிங்கை இழுத்து, ‘இந்த வேகத்துக்கு வா’ என்று கவர்னருக்குச் சொல்கிறது. எஞ்சின் அந்த வேகத்தை எட்டும் வரை எரிபொருளை அதுவே கூட்டிக்கொள்ளும். அந்த ஸ்பிரிங்கை இழுக்கும் நெம்புகோலின் நீளத்தைக் கைப்பிடியின் முழுத் திருப்பத்துக்கு ஈடாக அமைக்காவிட்டால், சிறிதளவு திருப்பியதுமே வண்டி துள்ளும். நிலையான எஞ்சின்களில் இந்த நெம்புகோல் வைத்த இடத்தில் நிற்கும்படி இறுக்கப்பட்டிருக்கும். அதைத் தளர்த்தி, கையை விட்டதும் ஐடிலுக்கு (வண்டி நிற்கும்போதான மெதுவான ஓட்டத்துக்கு) திரும்ப இழுக்கும் வலுவான ஸ்பிரிங்கைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். உச்ச வேகத்தைப் பூட்டும் திருகைத் தொடாதீர்கள். கவர்னரைக் கழற்றுவது எஞ்சின் கட்டுப்பாடின்றிப் பாய வழிசெய்யும். நிறுத்துவதற்கு எரிபொருளைத் துண்டிக்கும் தனிக் கேபிளும், அதுவும் தவறினால் காற்று வாயை அடைக்க ஒரு மூடியும் தேவை.

பழைய டேங்கின் துருவை முழுவதும் கழுவிவிடுங்கள்; டீசலை அழுத்தித் தள்ளும் இன்ஜெக்ஷன் பம்பின் நுண்ணிய இடைவெளிகள் தூசியைத் தாங்காது. நல்ல ஃபில்டரும், டீசல் தாங்கும் குழாயும், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் கசிவது டேங்குக்குத் திரும்பும் வழியும் வேண்டும். முதல்முறை குழாய்களில் காற்று இருக்கும். இன்ஜெக்டர் பக்க நட்டைச் சற்றுத் தளர்த்தி எஞ்சினைச் சுற்றினால் முதலில் நுரை வரும், பிறகு குமிழியில்லாத துளி வரும்; அப்போது இறுக்க வேண்டும். இன்ஜெக்டர் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் பீய்ச்சும். அது தோலைத் துளைத்து உள்ளே போய்விடும் என்பதால் விரலை அருகில் கொண்டுபோகவே கூடாது.

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி தரும் காயிலும் பாயிண்டும் இனி வேண்டியதில்லை. ஆனால் பெட்ரோல் எஞ்சினோடு மின்னாக்கியும் போய்விட்டதால், விளக்குகளுக்குச் சார்ஜ் காயில் உள்ள செல்ஃப் ஸ்டார்ட் எஞ்சினை வாங்குவது நல்லது. எரிபொருள் வகை மாறுவதைப் பதிவு அலுவலகத்தின் அனுமதியுடனும் காப்பீட்டாளரிடம் தெரிவித்துமே செய்ய வேண்டும். இதை வேலை தொடங்குமுன் கேட்டறிவது புத்திசாலித்தனம்.

முதல் ஓட்டம் காலியான, சமமான இடத்தில், நெரிசலில்லாத நேரத்தில் இருக்கட்டும். சில கிலோமீட்டர் ஓட்டி, எஞ்சின் ஆறிய பிறகு தகடுகளின் ஒவ்வொரு போல்டையும் மீண்டும் இறுக்குங்கள். ஒற்றை சிலிண்டர் டீசலின் குலுக்கலில் இரண்டு மூன்றாவது தளர்ந்திருக்கும். செயின் தளர்ச்சியையும் அப்போதே பார்த்துவிடுங்கள். எஞ்சின் ஆயிலை 20 மணி நேர ஓட்டத்தில் முதல்முறை மாற்றி, வடித்த எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றி உலோகத் துகள் மினுங்குகிறதா என்று பாருங்கள்.