பேக்பைப் பழகுவோர் செய்யும் தவறுகள்

விரல் வைப்பு, கிரேஸ் நோட் (நொடியில் வந்து போகும் அலங்கார ஸ்வரம்) போன்ற பிழைகளை, பை இல்லாத பயிற்சிக் குழலான பயிற்சி சாண்டரிலேயே ஆசிரியர் திருத்திவிடுவார். காற்றுப்பையும் குழாய்களும் கொண்ட ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் பேக்பைப்பைத் தோளில் சாய்த்த பிறகு தொற்றும் பழக்கங்கள்தான் எளிதில் போவதில்லை.

அழுத்தம் ஆடுவது

புதிதாகப் பழகுபவரின் இடது முழங்கையைக் கவனியுங்கள். ஊதும்போதே பையை இறுக்குகிறது. மூச்சு வாங்கும்போது தளர்ந்துவிடுகிறது. நடக்க வேண்டியது நேர்மாறு. காற்று உள்ளே போகையில் கை விட்டுக்கொடுக்க வேண்டும், மூச்சு வாங்கும் நொடியில் கை அழுத்தி ஈடுகட்ட வேண்டும்.

விரல் வைத்து வாசிக்கும் குழலான சாண்டரில் இருப்பது நாகஸ்வரச் சீவாளி போன்ற இரட்டை நாக்கு (ரீட்). ஒரே ஸ்வரத்தை விடாமல் ஒலிக்கும் குழாய்களான ட்ரோன்களில் ஒற்றை நாக்கு. அழுத்தம் மாறினால் இரண்டின் சுருதியும் ஒரே அளவில் நகராது. ஒத்து போல நிற்க வேண்டிய ட்ரோன்களுக்கும் சாண்டருக்கும் இடையே ‘வவ்வவ்’ என்று அலையடிக்கும். உடனே ட்ரோனைத் திருகுகிறார்கள். அடுத்த மூச்சில் அழுத்தம் மாறுகிறது, மறுபடி திருகல். பயிற்சி நேரத்தில் பாதி இப்படி வீணாவதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது. ட்ரோனில் ஒரு குறையும் இல்லையே!

இதற்கு மருந்து மலிவானது. 3 மீட்டர் நிறமற்ற பிளாஸ்டிக் குழாயை ‘ப’வைப் போல வளைத்து, அதன் இரு பக்கங்களும் 1 மீட்டர் உயரம் இருக்கும்படி பலகையில் கட்டுங்கள். பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனை திறந்திருக்கட்டும். நீண்ட ட்ரோனான பேஸ் ட்ரோனைக் கழற்றி, மறுமுனையைத் துளையிட்ட தக்கை வழியாக அது பொருந்தும் கட்டையில் செருகுங்கள். மற்ற ட்ரோன்களை அடைத்துவிட்டு சாண்டரை மட்டும் ஒலிக்கவிடுங்கள். பழகுநருக்கேற்ற ரீடில் இரு நீர்மட்டங்களுக்கும் இடையே சுமார் 50 முதல் 75 செ.மீ. வித்தியாசம் இருக்கும். ஒலி தெளிவாக நிற்கும் மட்டத்தில் கோடு போடுங்கள். பாட்டு வேண்டாம், ஒரே ஸ்வரத்தை நீட்டி, நீர் அந்தக் கோட்டிலிருந்து 2 செ.மீ.க்கு மேல் விலகாமல் ஊதுங்கள். அது கைவந்ததும் குட்டை ட்ரோன்களான டெனர்களில் ஒன்றைத் திறங்கள், பிறகு இரண்டாவதை, கடைசியில் பிளாஸ்டிக் குழாயைக் கழற்றிவிட்டு பேஸ் ட்ரோனை மாட்டுங்கள்.

கடினமான ரீட்

பழகப் பழகச் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். மாற்றுங்கள்.

கசிவைக் கவனிக்காதது

ஊதும் குழாய் தவிர, பையின் எல்லாத் துளைகளையும் தக்கையால் அடைத்து, பையை இறுக ஊதி, அரை நிமிடம் விடுங்கள். மறுபடி ஊதினால் காற்று ஏறக் கூடாது. ஏறினால், இணைப்புகளில் சுற்றிய மெழுகுச் சணல் நூலை முதலில் பாருங்கள்.

குளிர்ந்த கருவியில் சுருதி சேர்ப்பது

சாண்டர் சூடேறச் சூடேறச் சுருதி ஏறும். பத்து நிமிடம் வாசித்துவிட்டுச் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். டெனர்கள் சாண்டரின் ‘லோ ஏ’ (கீழ் A) ஸ்வரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே, பேஸ் இரண்டு ஸ்தாயி கீழே. ட்ரோனின் மேல் பகுதியை மேலே இழுத்தால் சுருதி இறங்கும்.

குழுவில் நின்றபடி சொந்தமாக ட்ரோனைத் திருகுவது

அது குழுத் தலைவரான பைப் மேஜரின் வேலை.

தொடக்கத்தில் தடுமாறுவது

குழு வாசிப்பைத் தொடங்கிவைக்கும் டிரம்களின் இரண்டாவது உருட்டலில் எல்லா ட்ரோன்களும் ஒன்றாக எழ வேண்டும், பிறகே சாண்டரில் ‘ஈ’ (E) ஸ்வரம். முந்திக்கொண்டு கீச்சிடும் ஒரே ஒரு சாண்டர் போதும், நடுவர் காதில் விழ. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ கிரீன் பூங்காவில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் பைப் குழுக்களின் உலகப் போட்டியில் பைப்புக்கு மட்டுமே இரண்டு நடுவர்கள். முடிவிலும் அப்படித்தான்: அழுத்தத்தை மெல்ல விட்டால் ட்ரோன்கள் முனகும், கடைசி ஸ்வரத்தோடு சட்டென்று விடுங்கள்.

ஈரத்தோடு மூடி வைப்பது

பூஞ்சை பிடித்த பேக்பைப்பால் நுரையீரல் கெட்டு ஒருவர் இறந்ததை 2016இல் ‘தோராக்ஸ்’ மருத்துவ இதழ் பதிவு செய்தது. வாசித்து முடித்ததும் குழாய்களைக் கழற்றி உட்புறத்தைத் துடைத்து, பையைத் திறந்து உலரவிடுங்கள்.