எவாப்பரேட்டரில் நுரை: புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

ஷிஃப்டுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். கையுறை, கதிர்வீச்சை அளக்கும் டோசிமீட்டரெல்லாம் பயிற்சியிலேயே வந்துவிடும். கதிரியக்கக் கழிவுநீரைக் கொதிக்கவைத்துச் சுண்டவைக்கும்போது நுரை கிளம்பினால் என்ன செய்யக்கூடாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நுரையைக் கண்டதும் ஆன்டிஃபோமை (நுரையடக்கும் திரவத்தை) ஊற்றுவது

இதைப் பார்த்தால் இன்னமும் எனக்குக் கோபம் வரும். ஒரு இரவு ஷிஃப்டில் சைட் கிளாஸில் (உள்ளே பார்க்கும் கண்ணாடியில்) பழுப்பு நுரை ஏறுகிறது, தம்பி ஒருவர் ஸ்டீமைக் குறைக்காமலே ஆன்டிஃபோமைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அடங்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறும். பாதுகாப்பு உடை துவைத்த சோப்புத் தண்ணீரைப் பகலில் யாரோ ஃபீட் டேங்கில் (எவாப்பரேட்டருக்குக் கழிவுநீர் போகும் தொட்டியில்) திறந்துவிட்டிருந்தார்கள். லாக் புத்தகத்தில் அந்த வரி இருந்தது, யாரும் படிக்கவில்லை. நுரையோடு சேர்ந்து ஆன்டிஃபோமில் இருந்த சிலிக்கோனும் கண்டன்சேட்டுக்கு, அதாவது நீராவி குளிர்ந்து வரும் தண்ணீருக்குப் போய், அதைச் சுத்திகரிக்கும் ரெசினில் படிந்துவிட்டது. கடைசியில் ரெசினையே மாற்றவேண்டி வந்தது, கழற்றிய ரெசினும் கதிரியக்கக் கழிவுதான்.

அமெரிக்காவில் தென் கரோலைனாவின் சவானா ரிவர் தளத்தில், உயர்மட்டக் கழிவை (கதிரியக்கம் மிக அதிகமான கழிவை) 1996 முதல் கண்ணாடியாக்கிவரும் ஆலை ஒன்று உண்டு. அங்கே சோப்பே வேண்டாம், கசடின் நுண்துகள்களே குமிழியை உடையவிடாமல் தாங்கும். அதற்காகப் போட்ட சிலிக்கோன் வகை ஆன்டிஃபோம் சிதைந்து ஹெக்ஸாமெத்தில்டைசிலாக்சேன் போன்ற தீப்பற்றும் ஆவிகளைக் கொடுத்தது, அதுவும் ஹைட்ரஜன் வெளிவரும் அதே பாத்திரத்தில்!

ஆகவே முதலில் ஸ்டீமைக் குறையுங்கள், ஃபீடை நிறுத்துங்கள், டேங்கில் என்ன கலந்தது என்று பாருங்கள். அப்புறம்தான் நீர்த்த ஆன்டிஃபோம், அளந்து, கொஞ்சமாக.

லெவல் மீட்டரை மட்டும் நம்புவது

அழுத்த வித்தியாசத்தை வைத்து மட்டம் காட்டும் மீட்டருக்கு நுரை கண்ணில் படாது, ஏனென்றால் நுரைக்கு எடையே கிடையாது என்று சொல்லலாம். மட்டம் குறைவு என்று காட்டும், நீங்கள் ஃபீடைத் திறப்பீர்கள், நுரை டிமிஸ்டரை (நீராவியோடு வரும் துளிகளைப் பிடிக்கும் வலையை) முட்டும். நுரைக்கென்று தனி புரோப் வேண்டும்.

குளிர்ந்த மாதிரியைப் பாட்டிலில் குலுக்கிப் பார்ப்பது

கொதிநிலையில் நடப்பதை அது சொல்லாது.

வெற்றிடத்தைச் சட்டென்று இழுப்பது

கூடவே கூடாது.

கண்டன்சேட்டைக் கடைசியில் சோதிப்பது

டிரிட்டியம் நீராவியோடு எப்படியும் வரும், டிமிஸ்டரால் அதைத் தடுக்க முடியாது. சீசியம்-137 அப்படியில்லை, இந்த வெப்பத்தில் அது ஆவியாகாது. கண்டன்சேட்டில் அதன் அளவு ஏறினால் நுரையோ துளியோ மேலே தாண்டியிருக்கிறது என்று அர்த்தம். டேங்க் நிரம்பிய பிறகு தெரிந்து பயனில்லை, அத்தனையையும் மறுபடி கொதிக்கவைக்க வேண்டும்.